தியானத்தில் ஒளி தெரிந்தால் என்ன செய்வது? மூச்சுத் தியானத்தின் அடையாளங்களைச் சரிபார்க்கும் முறை

மூச்சைக் கவனித்துத் தியானம் பழகுகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் சில கேள்விகள் வந்துவிடும். கண்ணை மூடினால் வெள்ளை வெளிச்சம் தெரிகிறதே, அது என்ன? கை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனதே? மூச்சு நின்றுவிட்ட மாதிரி இருந்ததே, ஆபத்தா? இவற்றுக்கு இரண்டு விதமான பதில்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. "உங்களுக்குக் குண்டலினி எழும்பிவிட்டது" என்பது ஒன்று, "எல்லாம் மனப்பிரமை" என்பது இன்னொன்று. இரண்டுமே பயிற்சியைக் கெடுப்பவை. முதல் பதிலைக் கேட்டவர் மறுநாளிலிருந்து வெளிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு உட்காருவார், மூச்சு நழுவிப் போகும். இரண்டாவதைக் கேட்டவர் உண்மையான முன்னேற்றம் வரும்போதும் அதை உதறித் தள்ளிவிடுவார்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஆனாபானசதி என்னும் மூச்சுத் தியானம். புத்தரின் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 118-வது சூத்திரம் இதை 16 படிகளாகச் சொல்கிறது. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்னும் நூல், எந்தக் கட்டத்தில் என்ன தென்படும், எங்கே சறுக்கும் என்று நுணுக்கமாக விளக்குகிறது. மியான்மரின் பா அவுக் மடாலயத்திலும் இலங்கையின் நா உயன ஆரண்யத்திலும் இன்றும் இந்த வழியில் கற்பிக்கிறார்கள்.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஓர் அனுபவம் வந்தபோது மூச்சின் மீதான கவனம் கூடியதா, குறைந்ததா? கூடியிருந்தால் சின்னஞ்சிறு அனுபவமும் நல்ல அடையாளம். குறைந்திருந்தால், தேவர்களே தரிசனம் தந்திருந்தாலும் அது கவனச்சிதறல்தான்.

அடித்தளம் சரியில்லாமல் அடையாளம் பார்க்காதீர்கள்

இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். அதற்கு 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள கெட்டியான மெத்தையோ நன்றாக மடித்த போர்வையோ போதும். இரண்டு முழங்கால்களும் தரையில் படிய வேண்டும். படியாவிட்டால் முழங்காலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வையுங்கள். நாற்காலி என்றால் பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும், முதுகு சாயக் கூடாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். முந்தைய இரவு தூக்கம் குறைந்திருந்தால் அன்றைக்கு வரும் எந்தக் காட்சியையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தூக்கம் கேட்கும் மூளை தானாகவே படம் காட்டும்.

மூக்குத்துவாரத்தின் விளிம்பிலோ மேலுதட்டிலோ மூச்சுக்காற்று எங்கே தெளிவாகப் படுகிறதோ அந்த ஒரே இடத்தில் கவனத்தை வையுங்கள். காற்றுக்குப் பின்னாலேயே நெஞ்சுக்குள் போகவும் வேண்டாம், வெளியே வரவும் வேண்டாம். மூச்சை நீட்டுவதோ அடக்குவதோ கூடாது. மனம் நிற்காவிட்டால், ஒவ்வொரு வெளிமூச்சின் முடிவிலும் ஓர் எண் என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் எண்ணும்படி விசுத்திமக்கம் சொல்கிறது. ஐந்துக்குள் அடைத்தால் மனம் திமிறும். பத்தைத் தாண்டினால் கவனம் மூச்சை விட்டு எண்ணிக்கையில் ஒட்டிக்கொள்ளும். பலர் எட்டு வரை எண்ணுகிறார்கள். பத்து நிமிடம் விட்டுப்போகாமல் எண்ண முடிந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சை மட்டும் அறியலாம்.

ஒரு நாளில் 20 நிமிடம் மட்டுமே உட்காருகிறவரின் மன அமைதிக்கு அது போதுமானது. இனி வரும் அடையாளங்கள் பெரும்பாலும் ஒரே அமர்வில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, நாளுக்கு இரண்டு தடவையாவது உட்காருகிறவர்களுக்கும், நீண்ட பயிற்சி முகாம்களில் இருப்பவர்களுக்கும் வருபவை.

உடம்பில் முதலில் தெரிபவை

கால் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது, தோளில் சூடு, காரணமில்லாமல் கண்ணீர், வாயில் எச்சில் ஊறுவது, உடல் முன்னும் பின்னுமாக மெல்ல ஆடுவது, உள்ளங்கை பெரிதாகிவிட்டது போன்ற உணர்வு என இந்தப் பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேரடியான காரணம் உண்டு. கால் மரத்துப்போவது முழங்காலருகே ஓடும் நரம்பு அழுந்துவதால். எழுந்து சில நிமிடங்களில் சரியாகாவிட்டாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, அன்றிலிருந்து நாற்காலிக்கு மாறுங்கள், மருத்துவரையும் பாருங்கள். கை காணாமல் போவது, ஒரே நிலையில் அசையாமல் வைத்திருந்ததால் தோலிலிருந்து புதிய செய்தி எதுவும் மூளைக்குப் போகாததன் விளைவு. உடல் அசையாதிருந்ததற்கு அது நல்ல சான்று, அவ்வளவே.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் விறுவிறுப்பும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால், நீங்கள் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் வருவது அது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளை முடித்த கையோடு தியானத்தில் உட்காருகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். இடையில் பத்து நிமிடம் விடுங்கள்.

புருவ மத்தியில் அழுத்தம் வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் கேட்கப்படுவது அதுதான். மூடிய இமைக்குள் கண்கள் மூக்கு நுனியை நோக்கி ஒருங்கி நிற்பதாலும் நெற்றித் தசை இறுகுவதாலும் அந்த அழுத்தம் உண்டாகும். தொலைவில் உள்ள மலையைப் பார்ப்பதுபோல் மூடிய கண்களைத் தளர்த்தி இரண்டு நிமிடம் விடுங்கள். அழுத்தம் கரைந்தால் அது கண் தசையின் களைப்பு. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் ஆக்கினைத் தவம் கற்றவர்களுக்குப் புருவ மத்தி உணர்வே தியானப் பொருள். அவர்கள் அதைத் தணிக்கச் சாந்தி தவமும் கற்றிருப்பார்கள். இரண்டு முறைகளையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். மூச்சில் உட்கார்ந்தால் மூச்சு மட்டுமே.

உடல் குலுங்குவதையும் கைகால் வெட்டி இழுப்பதையும் பலர் பெருமையாகச் சொல்வார்கள். யோக சூத்திரத்தில் பதஞ்சலி உடல் நடுக்கத்தைச் சிதறிய மனத்தின் கூட்டாளிகளில் ஒன்றாகத்தான் வைக்கிறார். துக்கம், மனச்சோர்வு, ஒழுங்கற்ற மூச்சு ஆகியவை அதன் பக்கத்திலேயே வருகின்றன. குலுக்கல் வந்தால் கண்ணைத் திறந்து, இரண்டு கைகளையும் தொடையில் அழுத்தி, மூன்று நான்கு மூச்சு நிதானமாக விட்டுத் தொடருங்கள். அதை வளர விடுகிறவர்களுக்கு அது பழக்கமாகிவிடுகிறது.

பிரீதி: உண்மையாகவே கவனம் கூடுவதன் முதல் செய்தி

கவனம் பல நிமிடங்கள் அறுபடாமல் நின்றால் உடம்பில் ஒரு மகிழ்ச்சி பரவும். இதை ஐந்து விதமாகப் பிரித்திருக்கிறார்கள். உடல் புல்லரிக்கும் அளவுக்கு வரும் சிறு பிரீதி. மின்னல்போல் வெட்டி மறைவது. கடற்கரையில் அலை மோதுவதுபோல் திரும்பத் திரும்ப வருவது. உடலையே தூக்கிவிடுவதுபோல் இலேசாக்குவது. கடைசியாக, உடல் முழுவதும் ஊறி நிறைந்து அப்படியே நிற்பது. முதல் நான்கும் வந்து போகும், கொஞ்சம் ஆரவாரமானவை. ஐந்தாவதுதான் ஆழ்ந்த ஒருமைக்கு அருகில் வருவது. அதில் ஆரவாரம் இல்லாததால் பலர் முன்பு வந்ததைவிடக் குறைந்துபோய்விட்டதாக நினைத்து வருத்தப்படுகிறார்கள். வருத்தம் வேண்டாம், அது முன்னேற்றம்.

பிரீதி வரும்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதே கடினமான விஷயம். கவனத்தை அதன்மேல் திருப்பி ருசித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் அது வற்றிவிடும், ஏனென்றால் அதை உண்டாக்கியது மூச்சின் மேலிருந்த கவனம். அது பின்னணியில் இருக்கட்டும், நீங்கள் மூச்சிலேயே இருங்கள்.

ஒளி: மூன்று வகை, மூன்று சோதனை

மூடிய கண்ணில் தெரியும் வெளிச்சம் எல்லாம் ஒன்றல்ல. முதலாவது விழித்திரை தானாக உண்டாக்கும் புள்ளிகளும் ஊதா நிற மேகங்களும். இருட்டில் எவருக்கும் தெரியும், இமையை அழுத்தினால் இன்னும் அதிகமாகும். இரண்டாவது தூக்கத்தின் வாசலில் வரும் காட்சிகள்: முகங்கள், தெருக்கள், கோபுரங்கள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது. மூன்றாவது நிமித்தம், அதாவது மூச்சின் மேல் நிலைத்த மனத்துக்கு அந்த மூச்சே வேறு வடிவில் தென்படுவது.

பிரித்தறியக் கண்ணை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். வெளிச்சமும் கூடவே நகர்ந்தால் அது பெரும்பாலும் விழித்திரையின் வேலை. அடுத்து, காட்சி தெரிந்த அந்த நொடியில் மூச்சு தெரிந்துகொண்டிருந்ததா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "அப்போது மூச்சு ஞாபகமே இல்லை" என்றால் அது தூக்கக் காட்சி. தாடை நெஞ்சை நோக்கித் தாழ்ந்திருப்பதும், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டிருந்தது விலகியிருப்பதும் அதை உறுதிப்படுத்தும். மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. முழுக் கவனத்தையும் மூச்சுக்குத் திருப்புங்கள். தூக்கக் காட்சி உடனே மறையும். நிமித்தமோ மூச்சில் கவனம் கூடக்கூடத் தானும் தெளிவடையும், மூச்சு படும் இடத்துக்கே நெருங்கி வரும்.

நிமித்தம் ஆளுக்கு ஆள் மாறும். நட்சத்திரம், மணி, முத்து, பஞ்சு, புகைச்சுருள், சிலந்திவலை, மேகம், தாமரைப் பூ, தேர்ச்சக்கரம், சந்திரன், சூரியன் என்றெல்லாம் விசுத்திமக்கம் அடுக்குகிறது. சிலருக்கு ஒளியே வராது, பஞ்சு படுவதுபோலவோ இளங்காற்று வீசுவதுபோலவோ தொடு உணர்வாக வரும். அதனால் அடுத்தவர் சொன்னதைக் கேட்டு உங்களுடையதை அளக்காதீர்கள்.

வழக்கமாக முதலில் சாம்பல் நிறப் புகையாக, நிலையில்லாமல் இருக்கும். கவனம் உறுதிப்பட்டால் பஞ்சு வெண்மையாகும். பிறகு துடைத்த கண்ணாடிபோலத் தெளிந்து பிரகாசிக்கும். இதில் எல்லோரும் செய்யும் பிழை, புகைக் கட்டத்திலேயே மூச்சை விட்டு ஒளிக்குத் தாவுவது. ஆதாரம் பலமில்லாததால் அது கலைந்துவிடும். பிறகு மூச்சும் கிடைக்காது, ஒளியும் கிடைக்காது, எரிச்சல்தான் மிஞ்சும். ஒளி முகத்துக்கு முன்னால் தூரத்தில் தெரிந்தால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். ஒவ்வோர் அமர்விலும் அரை மணி, ஒரு மணி என மூச்சில் நிற்க முடிந்து, மூச்சும் ஒளியும் ஒன்றாகி, அதன் பிறகும் ஒளி அசையாமல் நின்றால்தான் கவனத்தை அதில் வைக்க வேண்டும். அதன் நிறத்தை ஆராய்வது, பெரிதாக்கிப் பார்ப்பது, "இது என்ன தெய்வ வடிவமோ" என்று யோசிப்பது மூன்றுமே அதை உடைத்துவிடும்.

மூச்சு காணாமல் போகும்போது

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் பயந்து எழுந்துவிடுகிறார்கள். உடல் அசையாமல், மனம் ஓடாமல் இருக்கும்போது உடலுக்குத் தேவையான பிராணவாயுவின் அளவு குறைகிறது, மூச்சும் மெலிகிறது. அதைக் கவனிக்கும் மனம் இன்னும் அந்த நுண்மைக்குப் பழகவில்லை. நடப்பது இவ்வளவுதான்.

புத்தகோசர் இதற்குத் தரும் மருந்து பதினைந்து நூற்றாண்டு தாண்டியும் அப்படியே வேலை செய்கிறது. யாருக்கு மூச்சு இருக்காது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு, நீரில் மூழ்கியவருக்கு, நினைவிழந்தவருக்கு, இறந்தவருக்கு, ஆழ்ந்த ஒருமையின் நான்காம் நிலையான நான்காம் தியானத்தில் இருப்பவருக்கு, பிரம்ம உலகங்களில் பிறந்தவருக்கு, மனச் செயல்கள் முற்றிலும் அடங்கிய நிரோதத்தில் இருப்பவருக்கு. இந்த ஏழு பேரில் நீங்கள் ஒருவரும் இல்லை. ஆகவே மூச்சு இருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தேடி வேண்டுமென்றே பலமாக மூச்சிழுக்காதீர்கள். அடைந்த நுண்மை ஒரே இழுப்பில் போய்விடும். கடைசியாக மூச்சு பட்ட இடத்தில் கவனத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஓரிரு நிமிடங்களில் அது மறுபடி தட்டுப்படும், முன்பைவிட மென்மையாக.

ஆழ்ந்த ஒருமையா, வெறும் மயக்கமா?

"ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, எதுவுமே தெரியவில்லை, சமாதிக்குப் போய்விட்டேன்" என்பது அடிக்கடி கேட்கும் வார்த்தை. எதுவுமே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அது சமாதி அல்ல. மனம் வேலை செய்யாமல் அடித்தளத்துக்குள் விழுந்துவிடும் அந்த நிலையைப் பாலி மரபு பவங்கம் என்கிறது. அதில் சுகமாக இருப்பதால் பலர் வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், ஒரு படிகூட நகராமல்.

உண்மையான தியான நிலையில் அறிவு மங்குவதில்லை, மிகக் கூர்மையாக இருக்கிறது. வெளியே வந்தபின் திரும்பிப் பார்த்தால் ஐந்து அங்கங்களைத் தெளிவாகச் சொல்ல முடியும். மனம் பொருளின்மேல் வைக்கப்பட்டிருந்தது, அங்கேயே நிலைத்திருந்தது, பிரீதி இருந்தது, சுகம் இருந்தது, மனம் ஒருமுகப்பட்டிருந்தது. இதை உள்ளே இருக்கும்போது சோதிக்கக் கூடாது, வந்தபின்தான். அடுத்த சோதனை, விருப்பத்துக்குக் கட்டுப்படுகிறதா என்பது. நினைத்தபோது நுழைவது, தீர்மானித்த நேரம் நிற்பது, தீர்மானித்த நேரத்தில் வெளிவருவது, திரும்பிப் பார்ப்பது ஆகியவை பழக வேண்டிய தேர்ச்சிகள். முதலில் பத்து நிமிடம் என்று உறுதிசெய்து உட்காருங்கள், பிறகு அரை மணி, பிறகு ஒரு மணி. ஒரே ஒரு தடவை தற்செயலாக நேர்ந்து திரும்ப வராதது எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதை அடைந்ததாகக் கொள்ள முடியாது. அந்த நிலையில் ஓசை கேட்குமா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் பின்பற்றும் ஆசிரியரின் அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

பவங்கத்தில் விழுகிறவர் செய்ய வேண்டியது: கண்ணைப் பாதி திறந்து உட்காருவது, அமர்வுக்கு முன் 20 நிமிடம் மெதுவாக நடந்து பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது, இரவு உணவைக் குறைப்பது. மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை நடைத் தியானமாக மாற்றினாலே பலருக்குப் பாதி சரியாகிவிடுகிறது.

விபசனையில் வரும் பத்து மயக்கங்கள்

சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது போன்ற மையங்களில் உடல் உணர்வுகள் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனிக்கும் விபசனைத் தியானத்தின் 10 நாள் பயிற்சியில் முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடல் உணர்வுகள். உணர்வுகள் தோன்றி மறைவது வேகமாகத் தெரியத் தொடங்கும்போது பத்து விஷயங்கள் வரும் என்று மரபு எச்சரிக்கிறது: ஒளி, கூரிய அறிவு, பிரீதி, அமைதி, சுகம், பெருகும் நம்பிக்கை, தளராத முயற்சி, தானாக நிற்கும் விழிப்பு, சமநிலை, கடைசியாக இவை எல்லாவற்றின் மீதும் நுட்பமான பற்று. முதல் ஒன்பதும் நல்லவையே. பத்தாவது சேர்ந்துதான் அவற்றைக் கறையாக்குகிறது. "நான் ஞானம் பெற்றுவிட்டேன்" என்ற எண்ணமும், வேலையை விட்டுவிட்டு எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்ற வேகமும் எழுவது இந்த இடத்தில்தான். இந்தக் கட்டத்தில் வேலை, திருமணம், சொத்து, துறவு பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மூன்று மாதம் கழித்தும் அதே எண்ணம் இருந்தால் யோசிக்கலாம்.

இதற்கு அடுத்து வருவது இறக்கம். ஒளி போய்விடும், பிரீதி வறண்டுபோகும், காரணமில்லாத பயமும் சலிப்பும் வரும். ஐந்து நிமிடம் உட்கார முடியாது. பழைய நூல்கள் இதையும் முன்னேற்றத்தின் வரிசையிலேயே வைக்கின்றன. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயிற்சியைக் கைவிடாமல் நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டு கடந்துவிடலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்

2017-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேலைநாட்டு பௌத்தத் தியானிகளை நேர்கண்டு வெளியிட்ட ஆய்வில் பயம், தூக்கமின்மை, ஒலி ஒளி தாங்காத உணர்திறன், "நான்" என்ற உணர்வே மாறிப்போவது போன்றவை விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. சிலருக்கு இவை வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குப் போயிருக்கின்றன. எனவே இதைச் சங்கடப்படாமல் பேச வேண்டும்.

மூன்று நான்கு மணி நேரத் தூக்கத்தோடு இரண்டு மூன்று நாளாகக் களைப்பே இல்லாமல் பரபரப்பாக இருப்பது, கட்டளையிடும் குரல் கேட்பது, தனக்கு மட்டும் ஒரு தெய்வீகப் பணி தரப்பட்டிருப்பதாகத் தோன்றுவது, சுற்றியிருப்பவை எல்லாம் நிஜமில்லாததுபோல் நாள்கணக்கில் நீடிப்பது, உயிரை விடும் எண்ணம் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தியானத்தை உடனே நிறுத்துங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தோட்ட வேலை, பாத்திரம் துலக்குவது என உடலால் செய்யும் வேலைகளில் இறங்குங்கள். தனியாக இருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஏற்கெனவே மருந்து எடுப்பவர் தியானத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது. தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருமுனை நோய், மனச்சிதைவு இருந்திருந்தால், மௌன முகாமுக்கு விண்ணப்பிக்கும்போது அதை மறைக்காதீர்கள். வீட்டில் 15 நிமிட நடைத் தியானம் அவர்களுக்குப் பாதுகாப்பான தொடக்கம், அதுவும் மருத்துவருக்குத் தெரிந்து.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

காட்சிகளை எழுதாதீர்கள். எழுத எழுத மனம் அதையே தேடும். அமர்வு முடிந்ததும் நான்கு வரி போதும். இன்று மூச்சு அறுபடாமல் நின்ற மிக நீண்ட நேரம் ஏறக்குறைய எவ்வளவு. ஆசை, வெறுப்பு, சோம்பல், பரபரப்பு, சந்தேகம் என்ற ஐந்து தடைகளில் எது அதிகம் வந்தது. அதற்கு என்ன செய்தீர்கள். நேற்றைய நாளில் கோபம் வந்தபோது அதை எப்போது கவனித்தீர்கள், கத்தி முடித்த பிறகா, கத்தும்போதா, வாய் திறக்கும் முன்பா?

இந்தக் கடைசி வரிதான் நாள்போக்கில் அதிகம் சொல்லும். தனக்குள் ஓயாமல் ஓடும் பேச்சு குறைவதையும் இங்கேதான் முதலில் உணர்வீர்கள். 2011-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த மூளை ஆய்வில், தன்னைப் பற்றிய அலைபாயும் எண்ணங்களோடு தொடர்புடைய மூளை வலைப்பின்னலின் முக்கியப் பகுதிகள், அனுபவமுள்ள தியானிகளிடம் தியான நேரத்தில் குறைவாக இயங்கியது பதிவாயிற்று. தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களோடு ஒப்பிடுங்கள். உங்களைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், கசப்பாக இருந்தாலும்.

ஆசிரியரிடம் பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் இந்த வரிசையில் சொல்லுங்கள்: எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், மூச்சு எப்படி இருந்தது, அப்போது என்ன தென்பட்டது, அதைக் கண்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள், அதன்பின் அது என்ன ஆயிற்று. "இது எந்த நிலை?" என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். கடைசி இரண்டு பதில்களைக் கேட்டாலே அடுத்து என்ன சொல்லித் தர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.